ஜஹாங்கீர் அளந்த தூரம்

தூரத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேசக் கூடாது என்று திமிராகத் திரிந்தவன் நான். சுடலைராஜ், இருபத்தெட்டு வருஷமாகத் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். அந்தத் திமிர்தான் அன்றைக்கு ஒரு பெண்ணை அவள் அப்பன் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்யப் பார்த்தது.

என் தோஸ்து ஜஹாங்கீரும் டிரெய்லர் டிரைவர்தான். விடியற்காலைத் தொழுகை முடித்து வந்தவன், காலடிப்பேட்டை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். ஒரே மகள் ஹஃப்சா மஸ்கட்டில் நர்ஸ். காலை விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது, மதியம் இரண்டு பத்துக்கு மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

அவர்கள் வழக்கத்தில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, நெடுநேரம் வைக்க மாட்டார்கள். நாலரை மணி அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பேச்சு. ஜஹாங்கீரின் மச்சான் முதஸ்ஸிர் என்னிடம் வந்தார்.

"இன்னா சுடல, பொண்ணு வந்து சேந்துருமா? இல்லாங்காட்டி ஆறேகால் மணி மஃரிபு தொழுகைக்குத் தள்ளிப் போட்டுக்கலாமா?"

நான் லாரிக் கணக்குப் போட்டேன். "மஸ்கட்டு இன்னா பக்கத்துத் தெருவா? ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல கீது. நம்ம வண்டின்னா ஆறு நாளு. பிளேன் டயத்துக்கே எறங்குனாலும், கிண்டி, பாரிஸ், ராயபுரம்னு தாண்டி வரணும். ரோடு பூரா கண்டெய்னர் வண்டி நின்னுகினு கீது. ஏழு மணிக்கு முன்ன வராது நைனா. தள்ளிப் போட்டும் பிரயோஜனம் இல்ல."

ஜஹாங்கீரின் மனைவி மலிகா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிண்ணா, அஸருக்கே எடுத்துடுங்க" என்றாள். அப்போதும் என் கணக்கில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நாலு மணி. முகத்தை மூடப் போகிறோம், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்போது சந்து முனையில் சலசலப்பு. முதுகில் ஒரு பையோடு ஹஃப்சா ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள்.

காலையில் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்! மூன்றே முக்கால் மணி நேரத்தில் அத்தனை தண்ணீரையும் தாண்டியிருக்கிறாள். எண்ணூர் துறைமுகத்தில் கேட்டுக்குள் நுழையவே நான் இரண்டு நாள் காத்துக் கிடந்திருக்கிறேன். அம்மாடி, என்ன அதிசயம் இது!

அவள் குனிந்து அப்பன் முகத்தைப் பார்த்தாள். மலிகா மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். முதஸ்ஸிர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் ஹஃப்சாவிடம் கேட்டேன். "எப்படிம்மா அந்த டிராபிக்ல வந்த?"

"மெட்ரோ ரயில்ல மாமா. அத்தா சொல்லி வெச்சிருந்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"நான் மஸ்கட் போன வாரமே, இங்க காலடிப்பேட்டைல ரயில் ஏறி ஏர்போர்ட் வரைக்கும் போய், வாட்ச் பாத்துகினே திரும்பி வந்தாராம். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம்னு போன்ல சொன்னாரு. 'அங்க உன் வூட்டுக் கதவுலேந்து நம்ம வூட்டுக் கதவுக்கு ஒன்பது மணி நேரம்தான்டி, நீ ஒண்ணும் தூரத்துல இல்ல'ன்னாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

"'எனக்கு எதுனா ஆச்சுன்னா ரயில்லயே வந்துரு. வழி மட்டும் சுடலையாண்ட கேக்காத, அவன் பிளேனையே கண்டெய்னர் வரிசைல நிக்க வெப்பான்'னாரு மாமா."

பாவி, செத்தும் என்னை ஜெயித்துவிட்டான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, அவன் நாற்காலிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.