பதினெட்டுக் கறுப்புக் குப்பிகள்

ஷீலா டீச்சர் தெருமுனையில் தலையைக் காட்டினால் போதும், கால்வாய்க்கரைப் பெண்கள் அவசர அவசரமாகக் குடத்துக்கு மூடி தேட ஆரம்பித்துவிடுவார்கள். மூடி கிடைக்காதவர்கள் சோற்றுத் தட்டை எடுத்துக் கவிழ்ப்பார்கள். அதுவும் அகப்படாதவர்கள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நைசாகப் பக்கத்து வீட்டுக்கு நழுவிவிடுவார்கள். எட்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து இது. ஷீலாவுக்கும் தெரியும். தெரிந்தால் விட்டுவிடுகிற ரகமில்லை அவள்.

மந்தைவெளியில் ஒரு நடுநிலைப்பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். வீடு ராயப்பேட்டையில். கணவன் லாரன்ஸ் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். வேலைவிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அதை மனைவியிடம் காட்டிய பிறகுதான் அவனுக்குக் காபி. கட்டினவனுக்கே இந்தக் கதி என்றால் கால்வாய்க்கரையை மட்டும் சும்மா விடுவாளா?

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், கையைவிட்டு மொள்ளாதீர்கள், சாப்பிடுமுன் சோப்புப் போடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். அவர்களும் பதிலுக்குக் குறை வைக்கவில்லை. லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அதுவும் அடிதடியில் ஆளுக்கு நாலு குடம். ரேஷன் மண்ணெண்ணெய் சோறு பொங்கவே போதவில்லை, இதில் தண்ணீரை வேறு பொங்கவா என்றார்கள். சோப்புப் போட்டால் அதைக் கழுவ இன்னொரு குடம் யார் தருவார்கள் என்றுகூட ஒருத்தி கேட்டாள். கேட்டால் என்ன, அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போய் நின்றாள்.

பள்ளியிலும் அவள் ராஜ்யம்தான். வாசல் கேட்டில் ஒரு வட்டத் தகரம் தொங்கியது. அதில் இரண்டு கை, நடுவே கிளிப்பச்சையில் ஒரு சோப்பு, கீழே 'கை கழுவிவிட்டுச் சாப்பிடுவோம்'. ஜூன் மாதத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து அவளே வரைந்தது. போகிற வருகிறவர்கள் நின்று படிக்கிறார்களா என்று மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பது அவளுக்கு ஒரு ரகசிய சந்தோஷம்.

இப்படி எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செப்டம்பரில் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. ஒரு நாள் நாலு பேர் வரவில்லை, மறுநாள் ஒன்பது. தலைமையாசிரியை விஜயலக்ஷ்மி, மாட வீதியிலிருந்து குடையும் கைப்பையுமாக நடந்தே வருகிறவர், வருகைப் பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் யோசித்தார். யோசித்ததில் ஒன்று பிடிபட்டது.

"ஆத்துலேர்ந்து சாதம் கொண்டுவர்ற குழந்தைகளுக்கெல்லாம் ஒண்ணுமில்லை, ஷீலா. இங்கே சத்துணவு சாப்பிடறதுகளுக்குத்தான் வயித்தைப் பிசையறது. அப்போ யார் கை?"

சத்துணவுக் கூடத்தில் கை என்றால் வேலம்மாவின் கை. போன வருடம் நின்றுபோன ஆயாவுக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்தவள். கால்வாய்க்கரைக்காரி. வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவள் பெயர் அந்த மாதம்தான் மேலே போக வேண்டியிருந்தது. அவள் புருஷன் சேட்டு மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன், ஓட்டாத நாள்தான் அதிகம். ஆக வேலம்மாவின் வேலைதான் அந்த வீட்டின் அடுப்பு. மகள் பவுனு அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

சந்தேகத்தில் ஒருத்தியை அனுப்பிவிடக் கூடாது, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஷீலாதான் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். லாரன்ஸின் ஆய்வுக்கூடத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் தயார் செய்வார்கள். உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வைத்தால் போதும், தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் மை போலக் கறுத்துவிடும். நாற்பத்திரண்டு குப்பிகளை வாங்கிவந்து, நாற்பதில் பிள்ளைகளின் பெயரை ஒட்டி, வீட்டில் குடிக்கிற தண்ணீரைப் பிடித்துவரச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

வியாழக்கிழமை பார்த்தால் இருபத்திரண்டு தெளிவாக இருந்தன, பதினெட்டு கறுத்திருந்தன. கறுத்த பதினெட்டும் கால்வாய்க்கரை வீடுகள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எட்டு மாதம் தொண்டை கிழியக் கத்தியதற்கு இதோ சாட்சி என்று ஷீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலை வழிபாட்டில் மைக்கைப் பிடித்து, கறுத்ததில் ஒன்றை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். ஒட்டியிருந்த பெயரை அவள் படித்திருக்க வேண்டாம். படித்தாள். பவுனு, ஐந்தாம் வகுப்பு, அம்மா பெயர் வேலம்மா.

சமையல்கூட வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த வேலம்மா அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். அன்று மதியம் பரிமாறி முடித்ததும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று தலைமையாசிரியை அவளிடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பவுனுவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஷீலாவுக்கு உள்ளே என்னவோ உறுத்தியது. உறுத்தலுக்கு அவள் கண்ட மருந்து இன்னும் கொஞ்சம் போதனை. தண்ணீரை எப்படிக் கொதிக்க வைப்பது என்று வேலம்மாவுக்குப் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தால், அடுத்த சோதனையில் தேறிவிடுவாள் இல்லையா? மிச்சமிருந்த இரண்டு குப்பிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு சனிக்கிழமை கிளம்பினாள்.

வேலம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஷீலா உள்ளே எட்டிப் பார்த்தாள். மூலையில் ஒரு அலுமினிய அண்டா, அதன்மேல் வெள்ளைத் துணி கட்டி, துணிமேல் தட்டு. பக்கத்து ஆணியில் நீளப் பிடி வைத்த அகப்பை. அடுப்பருகே பலகைச் சில்லு கட்டுக் கட்டாக. கால்வாயில் ரயில் பாலம் கட்டுகிறார்களே, அங்கே கழித்துப் போடுகிற சில்லுகளைப் பொறுக்கிவந்து தினமும் அம்மா தண்ணீர் காய்ச்சுவதாகப் பவுனு முணுமுணுத்தாள். மாசி மாசத்திலிருந்தாம். ஷீலா டீச்சர் சொன்னதிலிருந்தாம்.

அந்தக் கரையில் தன் பேச்சைக் கேட்டவள் ஒருத்தி இருந்திருக்கிறாள், அவள் மானத்தைத்தான் மைக் வைத்து வாங்கியிருக்கிறோம் என்று புரிய ஷீலாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. அண்டாவிலிருந்து இரண்டு குப்பியிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். திங்கட்கிழமை காலையில் இரண்டும் கண்ணாடி போல நின்றன.

முதல் மணி அடிப்பதற்கு முன்பே பவுனுவைத் தனியே கூப்பிட்டாள். கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. வீட்டுத் தண்ணீர் புகை நாற்றம் அடிக்குமாம், டீச்சர் மோந்து பார்த்தால் சிரிப்பாளோ என்று பயமாம். மற்றப் பிள்ளைகளுக்கும் அதே வெட்கம்தான், லாரித் தண்ணீரைப் போய் எப்படிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவது என்று. அதனால் குப்பி வாங்கிய அன்று சாயங்காலமே, கேட்டைத் தாண்டுமுன், பதினெட்டுப் பேரும் வரிசையாக நின்று நல்ல தண்ணீராகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கே பிடித்தார்கள்? பள்ளிக்கூடக் குழாயில்.

ஷீலா அப்படியே மொட்டைமாடிக்கு ஓடினாள். காவலாளி அய்யாதுரை ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். தொட்டிமேல் ஏறிப் பார்த்தால் திறப்பு ஆவென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் புறா எச்சம். உள்ளே ஒரு புறாவே மிதந்தது, அது உயிரை விட்டு நெடுநாளாகியிருந்தது. மூடி எங்கே என்று ஷீலா கத்தினாள்.

அய்யாதுரைக்குத் திருநெல்வேலிப் பக்கம். நிதானமான மனிதர். "நீங்கதான டீச்சர் போர்டு எழுத வட்டமா ஒரு தகரம் வேணும்னு கேட்டிய? வேற எங்கயும் கிடைக்கல. வாசல்ல தொங்குதே, அதான்."

ஷீலா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எத்தனை பிள்ளைகள், எத்தனை வயிற்றுவலி. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

தலைமையாசிரியையிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். விஜயலக்ஷ்மி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். குழாயை உடனே பூட்டச் சொன்னார். தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவ, மருந்து போட, புது மூடி போட ஏற்பாடு செய்தார். அதெல்லாம் சுறுசுறுப்பாகவே நடந்தது. வேலம்மாவை மறுநாளே வேலைக்கு வரச் சொல்லும்படியும் சொன்னார். ஆனால் இது இந்த அறையைவிட்டு வெளியே போக வேண்டாம் என்றார்; வெளியே தெரிந்தால் பள்ளியின் பெயர் என்னாவது, ஷீலாவின் வேலைதான் என்னாவது? ஷீலாவுக்கு உள்ளூர அப்பாடா என்றிருந்தது. அதை ஒளிப்பானேன், நம் கதாநாயகி அப்படியொன்றும் தியாகச் செம்மல் இல்லை.

சாயங்காலம் நேரே வேலம்மாவிடம் போய், அக்கம்பக்கம் பார்த்து, தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். தப்பு என்மேல்தான், மன்னித்துவிடு, நாளைக்கு வேலைக்கு வந்துவிடு என்றாள். வேலம்மா உட்கார்ந்தபடியே ஏறிட்டுப் பார்த்தாள்.

"நாலு பேரு முன்னால பாட்டில தூக்கிக் காட்டினே. இப்ப காதாண்ட வந்து சொல்றே. லாரியாண்ட என் குடத்துக்குப் பக்கத்துல எவளும் குடம் வெக்கிறதில்ல, தெரியுமா? எம்பொண்ணு மூணு நாளா அங்க சோறு துன்னல."

வேலம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"எட்டு மாசமா எங்க ஊட்டுத் தண்ணியப் பத்தியே பேசிக்கினு கீறியே டீச்சர். உன் ஸ்கூல் தண்ணிய ஒரு நாளாச்சும் குட்ச்சிருக்கியா நீ?"

குடித்ததில்லை. ராயப்பேட்டையிலிருந்து தினமும் ஒரு பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுவருவாள். விஜயலக்ஷ்மிக்குக் கூஜா. எல்லா டீச்சர்களுக்கும், சாதம் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கும் அவரவர் வீட்டுத் தண்ணீர்தான். ஷீலா பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். பஸ் வந்தும் ஏறாமல் இரண்டு பஸ்ஸை விட்டாள்.

மறுநாள் வழிபாட்டில் தினச்செய்தி வாசிக்கிற பையனிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதத்தை நாலாக மடித்துவிட்டாள். வாய்க்கு வந்தபடியே சொன்னாள். பதினெட்டுக் குப்பியும் நம் பள்ளிக்கூடத் தண்ணீரால் கறுத்தன. தொட்டி மூடியை எடுத்துப் போர்டு எழுதியது நான். பவுனுவின் வீட்டுத் தண்ணீரை மறுபடி சோதித்தேன், சுத்தமாக இருந்தது, ஏனென்றால் பவுனுவின் அம்மா தினமும் காய்ச்சுகிறார். நான் சொன்னதை அவர் செய்தார், சொன்ன நான் இங்கே செய்யவில்லை. அவரைப்பற்றி இதே இடத்தில் நான் சொன்னது தப்பு.

முந்நூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டுக்கு வெளியே பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த கால்வாய்க்கரைப் பெண்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். விஜயலக்ஷ்மியின் முகம் கல்லாக இருந்தது. அவர் நேராக வந்து மைக்கை வாங்கினார். திட்டப்போகிறார் என்றுதான் ஷீலா கண்ணை மூடிக்கொண்டாள். இந்த வாரம் முழுக்கக் குழாயை யாரும் தொடப்படாது, காய்ச்சின தண்ணீர்தான் எல்லோருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் தேசியகீதம் பாடச் சொன்னார்.

பத்து மணிக்கு வேலம்மா வந்தாள். பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

மதியம் பிள்ளைகள் தம்ளரும் தட்டுமாக வரிசையில் நின்றார்கள். பவுனுவுக்கு முன்னும் பின்னும் ஆள் இருந்தது. ஷீலா தன் பாட்டிலை ஆசிரியர் அறையிலேயே வைத்துவிட்டு, கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முறை வந்ததும் தம்ளரை நீட்டினாள்.

வேலம்மா அகப்பையை அண்டாவிலிருந்து எடுக்கவில்லை. தம்ளரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். விரலெல்லாம் சாக்பீஸ் மாவு.

"கை கழுவிக்கினு வா டீச்சர்" என்றாள்.

ஷீலா வாளியருகே போய், சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசிக்கே போய் நின்றாள். மறுபடி அவள் முறை வந்ததும் வேலம்மா தம்ளரை விளிம்புவரை நிரப்பினாள்.

"சூடா கீது" என்றாள். "ஊதிக் குடிங்க."

தண்ணீரில் லேசாகப் புகை வாசனை அடித்தது. ஷீலா அங்கேயே நின்று முழுவதையும் குடித்தாள்.