வைரக்கண்ணு குடிக்கவில்லை

சாராயக்கடை மறுபடி திறந்த வருஷம் அது. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அறுவடையை நிறுத்தியிருந்தது. குடித்தவன் மறியலுக்கு வரக்கூடாது என்று கட்டுப்பாடு வேறு. அந்த நாளில்தானா வைரக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்னால் வளைந்து, தள்ளாடித் தள்ளாடி வீடு வர வேண்டும்! வாசலிலேயே வாந்தி எடுத்தான்.

காளியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அப்பனைக் கொண்டுபோனதே குடிதான். தாலி ஏறிய அன்றே புருஷனிடம் சத்தியம் வாங்கியவள் அவள்.

"குடிச்சிட்டு வந்து வேஷமா போடுற?"

"சத்தியமா இல்ல புள்ள. நெஞ்சுக்குழியில பிடிச்சு முதுகு வரைக்கும் இழுக்குது."

"போய்யா! உள்ள வந்த, நடக்குறதே வேற."

குடிகாரன், குடிகாரன் என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க மாட்டுக்கொட்டகையில் முனகிக் கிடந்தான் பாவி மனுஷன். போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்புறம்தான் பதறியடித்து வண்டி கட்டச் சொன்னாள்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் குழந்தைராஜ் வெளியே வந்தார்.

"குடியினாலதானுங்களே?" என்றாள்.

"யாரும்மா சொன்னது? பித்தப்பையிலேருந்து ஒரு கல்லு இறங்கி அடைச்சிருக்கு. பித்தநீரும், சோத்தைச் செரிக்க வைக்கிற கணையச் சாறும் குடலுக்குப் போக ஒரே வாசல்தான். அது அடைஞ்சதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறிருச்சு. பித்தநீரை எடுத்துச் சோதிச்சோம், அந்தச் சாறு அதுல கலந்திருக்கு. சோத்தைச் செரிக்க வேண்டியது இப்போ கணையத்தையே செரிக்குது."

"மதகு அடைச்சா தண்ணி எதிரேறி மேல்வயல் அழுகுமே, அந்த மாதிரிங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்க."

"நேத்தே கொண்டாந்திருந்தா?"

"அதையெல்லாம் இப்போ கேக்காதீங்கம்மா," என்றார்.

உள்ளே ஓடிப்போய் அவன் காதருகே குனிந்தாள். "நீ குடிக்கலய்யா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கண்ணத் திறய்யா." அவனுக்கு நினைவு இல்லை. மூன்றாம் நாள் உயிர் போயிற்று.

சங்கத்துக்காரன் செத்தால் கொடி போர்த்தித்தான் எடுப்பார்கள்; குடித்துச் செத்தவனுக்கு அது கிடையாது என்று சாவுக்குச் சங்கத்து ஆட்கள் வெறுங்கையோடு வந்தார்கள். தலைவர் சாமிதுரை துண்டால் கண்ணைத் துடைத்தார். "நல்ல உழைப்பாளி தாயி. பாழாப்போன குடி..."

தலைவிரி கோலமாகக் கிடந்த காளியம்மாள் எழுந்து நின்றாள்.

"அவரு குடிக்கல அண்ணே. வயித்துல கல்லு. வலிக்குதுன்னு சத்தியம் பண்ணிச் சொன்னாரு, பாவி நான் நம்பல. குடிகாரன்னு ஊரு கேக்கக் கத்தினதும் நான்தான். கொடியக் கொண்டாந்து போத்துங்க. போத்தாம எடுக்க விடமாட்டேன்."