கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில்

ஊசி போடும் அறையில் கட்டிலுக்கும் இரும்பு அலுமாரிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. ஐந்து வயதுச் சுவேதினி அதற்குள் புகுந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வாசலை மறித்தபடி அவளுடைய அப்பா டிலோஜன் நின்றான். அவளுக்கு முன்னால் அம்மா ஜெனிற்றா முழங்காலில் இருந்தாள்.

பிள்ளைக்கு ஓட வழியில்லை. தாய்க்கோ அதைவிட மோசம். இழுத்தெடுத்தால் மகள் இனித் தன்னை ஒருநாளும் நம்பமாட்டாள். விட்டுவிட்டால் இன்றைய ஊசி தவறிவிடும். பிள்ளையைக் கடித்த நாய் அன்றைக்கே எங்கேயோ ஓடி மறைந்துவிட்டது. அதற்கு விசர்நோய் இருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஊசியும் நாள் தவறக்கூடாது என்று டாக்குத்தர் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

மூன்று நாளைக்கு முன், "ஊசியில்லை பிள்ளை, சும்மா காட்டிப்போட்டு வருவம்" என்றுதான் அரிப்புக் கிராமத்திலிருந்து அவளை பஸ்ஸில் ஏற்றினாள் ஜெனிற்றா. இதே அறையில் போனில் காட்டூன் போட்டுக் கையில் கொடுத்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான்கு பேர் பிடித்து அமுக்கினார்கள். காலைப் பிடித்தவன் டிலோஜன். அன்றிரவு அவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான். அதற்கெல்லாம் முன்னால், சோறு தீத்தும் ஒவ்வொரு வேளையும், "வாயைத் திற, இல்லாட்டி ஊசி போடுவிப்பன்" என்று வெருட்டி வளர்த்தவளும் ஜெனிற்றாதான்.

"ஜெனி, வெளியில சனம் நிக்குது. நான் காலைப் பிடிக்கிறன், நீ கையைப் பிடி." என்றான் டிலோஜன்.

வேறு வழி தெரியாமல் ஜெனிற்றா போனை நீட்டினாள். சுவேதினி கண்களை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம்! அது ஊசிப் போன்!"

தாதி உத்தியோகத்தர் நிப்ராஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போனை உள்ள வையுங்கோ அக்கா. மகள் கண்டுபிடிச்சிட்டா." ஊசித் தட்டை மறைக்காமல் மேசையில் வைத்துவிட்டு, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தான். "மகள், ஊசி போடுற ஆள் நான்தான். கைக்கு ஒண்டாய் ரெண்டு. சொல்லிப்போட்டுத்தான் குத்துவன்."

"நோகுமோ?"

நிப்ராஸ் ஜெனிற்றாவைப் பார்த்தான். பிள்ளையும் அவளைத்தான் பார்த்தது. 'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"நோகும், பிள்ளை. அண்டைக்கு அம்மா பொய் சொன்னனான். இண்டைக்குப் போட்டாலும், பிறகும் ரெண்டு தரம் வரோணும்."

சுவேதினி அழுதாள். அழுதுகொண்டே, இடுக்கிலிருந்து தாயின் மடிவரைக்கும் வந்தாள்.

"பிடிக்காதேங்கோ அக்கா. நெஞ்சோட கட்டிக்கொண்டு இருங்கோ, அதுவே காணும்" என்றான் நிப்ராஸ். "மகள், அப்பாவுக்கு என்ன தொழில்?"

"நண்டு வலை."

"அல்லாவே! எனக்கு நண்டெண்டால் சரியான பயம். வலையில கிடக்கிறதை எப்பிடிக் கழட்டுறது? காலில பிடிச்சு இழுக்கவோ?"

"இல்லை!" அழுகை பாதியில் நின்றது. "கால் கழண்டு போகும். கால் இல்லாட்டி நண்டு வாங்குற கொம்பனிக்காரர் எடுக்கமாட்டினம். பின்பக்கத்தால பிடிச்சு, பெரிய கால் ரெண்டையும்..."

"இப்ப குத்துறன். ரெண்டையும்?"

"ஸ்ஸ்... ரெண்டையும் மடக்கோணும்! பிறகு நூலைக் கழட்டோணும். அவசரப்பட்டால் கடிக்கும்."

"இந்தக் கை முடிஞ்சுது."

சுவேதினி கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனை முறைத்தாள். "மற்றக் கைக்கு நண்டுக் கதை வேண்டாம். எனக்கு விளங்கிட்டுது."

"அப்ப என்ன வேணும்?"

"நான் கத்தப்போறன்."

"தாராளமாக் கத்துங்கோ. கை மட்டும் ஆடக்கூடாது."

"அம்மாவும் கத்தோணும். அப்பாவும்."

"சனம் என்ன நினைக்கும்..." என்று தொடங்கிய டிலோஜன், மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"குத்துறன்" என்றான் நிப்ராஸ்.

சுவேதினி கத்தினாள். டிலோஜன் வெட்கப்பட்டு மெல்ல ஒரு சத்தம் வைத்தான். ஜெனிற்றாவும் கத்தினாள். தொடங்கிய பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. மூன்று நாளாக நெஞ்சுக்குள் அடைத்துக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. வரிசையில் நின்ற சனம் வாசலில் வந்து எட்டிப் பார்த்தது. பிள்ளையின் கை மட்டும் தாயின் தோளில் ஆடாமல் கிடந்தது.

ஊசி எப்போதோ முடிந்துவிட்டது. சுவேதினி தாயின் வாயைச் சின்னக் கையால் பொத்தினாள்.

"காணும் அம்மா. எல்லாத்தையும் இண்டைக்கே கத்தி முடிச்சிடாதேங்கோ. இன்னும் ரெண்டு தரம் வரோணுமெல்லோ."