தண்ணீர் விளிம்பில் மணி

கனமழை பெய்தால் வெள்ளம் எப்படி ஊருக்குள் ஏறும் என்பதைக் காட்டும் அசையும் வரைபடத்தை அவள் மூன்று வாரம் மெனக்கெட்டுக் கணினியில் செய்திருந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணனிடம்தான் முதலில் காட்டினாள். மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்குவதாக வைத்த ஆறு மணி நேர வெள்ளம் பத்து நொடியில் ஓடி முடிந்தது; மூலையில் ஒரு சிறு கடிகாரமும் கூடவே ஓடியது.

“பாலம் எப்ப முழுகுது, சொல்லுண்ணா?”

அண்ணன் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “மூலையில மணியைப் பாத்தா தண்ணி ஓடிடுது. தண்ணியப் பாத்தா மணி ஓடிடுது. எனக்கு ரெண்டு கண்ணுதானேம்மா!”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாளே மூலைக் கடிகாரத்தை எடுத்துவிட்டு, ஏறும் தண்ணீரின் விளிம்பிலேயே மணியை எழுதினாள். வேகத்தையும் பாதியாகக் குறைத்தாள்.

இந்த முறை அண்ணன் ஒரே தடவைதான் பார்த்தான். “நாலேகாலுக்குப் பாலம் போயிடும்,” என்றான். “அதுக்குள்ள நான் இந்தக் கரைக்கு வந்துடணும்.”