இடது மூலையில் ஒரு விரல்

படத்தில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். விசாரணை அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. எல்லாம் சிப்பாய்கள் போர்முனையில் எடுத்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட படங்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். காலடியில் கை கட்டப்பட்ட மனிதர்கள் கிடப்பார்கள். பாவிகள், கொஞ்சமாவது வெட்கம் இருந்திருந்தால் அழித்துத் தொலைத்திருப்பார்கள்.

அன்று வந்த படத்தில் கிணற்றடியில் ஒரு குடும்பமே மண்டியிட்டிருந்தது. பின்னால் நின்ற மூன்று சிப்பாய்களும் பிடிபட்டிருந்தார்கள். "போட்டோ எடுத்தவர்தான் சுடச் சொன்னார்" என்று மூவரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அது யார் என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை.

'இடது மூலையில் மங்கலாக ஒரு விரல்' என்று தட்டச்சு செய்தவளுக்கு அதற்குமேல் கை ஓடவில்லை.

நுனியில்லாத மொட்டை விரல். பட்டாளத்தில் இருக்கும் அவள் அண்ணனுடையது. லாரிக் கதவில் நசுங்கியதிலிருந்து அதில் உணர்ச்சி கிடையாது. எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. அவன் எடுத்த எந்தப் படமும் அது இல்லாமல் இருக்காது. "நீ இல்லாத குறைக்கு உன் விரலாவது வந்து நிக்குதே" என்று அவளே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து, கட்டியவனும் விட்டுப் போன பிறகு, அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு ஜீவன்தான்.

மாடிப்படியில் நின்று அவனைப் போனில் அழைத்தாள்.

"என்னம்மா, சாப்பிட்டியா?"

"கிணத்தடியில ஒரு குடும்பத்தை மண்டி போட வெச்சு போட்டோ எடுத்தியாண்ணா?"

இல்லை என்று சொல்லிவிட மாட்டானா என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"யாரு பாத்தது?"

"நான்தான்."

"நீ மட்டும்தானா?" அவன் குரலில் நிம்மதி வந்துவிட்டது. "அப்ப சரி. நம்ம வீட்டு விஷயம் நம்மளோட இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு."

அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. படத்திலிருந்த பெண்ணின் இடுப்பில் குழந்தை இருந்தது. அதையும் பார்த்துத்தானே எடுத்திருப்பான்!

நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள். "சார், இது எங்கண்ணன் விரல். அவன் எடுத்த மத்த படமெல்லாம் இதுல இருக்கு, ஒத்துப் பாத்துக்குங்க" என்று தன் போனை மேசைமேல் வைத்தாள்.

அதிகாரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இன்னைக்கு நீங்க தனியா இருக்க வேண்டாம்மா. வீட்டுலேர்ந்து யாரையாவது வரச் சொல்லட்டுமா?"

"வரச் சொல்ல இருந்த ஒரே ஆளைத்தான் சார் இப்பக் காட்டிக்கொடுத்தேன்."