இன்னொரு பொட்டலம்

“வெள்ளை வந்தா வேன் பள்ளிக்கூடம், செவப்பு வந்தா புளியமரத்துப் பள்ளிக்கூடம். அப்பிடியே வெச்சுக்கலாம்,” என்றான் திருமூர்த்தி.

“அதெப்பிடிங்க? நல்லதுக்குத்தான் வெள்ளைப் பூ வெக்கறது. உங்குளுதுக்கு வெள்ளையை நீங்களே எடுத்துக்கிட்டா, என்னுது ஆகாதுன்னு ஆத்தாகிட்ட முன்னாலயே சொல்லிப்போட்டாப்பல ஆயிருமுங்க,” என்றாள் சாந்தாமணி.

“பூவுல ஏது அம்மணி ஆகாத பூவு? ரெண்டையும் ஆத்தாளுக்குத்தான் சூட்டறோம்,” என்றார் பூசாரி. செய்தித்தாளை ஒரே அளவில் இரண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். “நந்தியாவட்டை இன்னிக்குச் சிக்குல. மல்லிதான் இருக்குது. வெள்ளைதானே, ஆவும். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சீங்கன்னா நான் மடிச்சுப்போடுவேன். உச்சிப் பூசைக்கு நேரமாவுது.”

சாந்தாமணி அரைமனதாகத் தலையை ஆட்டினாள். அவள் கணவன் திருமூர்த்தி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பயபக்தியாக நின்றான். அவனுடைய லேத் பட்டறைக்குப் பின்சந்தில்தான் அந்த மாகாளியம்மன் கோயில் இருந்தது. கோவை கணபதிப் பகுதியில் பட்டறை இல்லாத சந்து கிடையாது. சாமிக்கு மணியடித்தாலும் இரும்பு கடையும் சத்தத்தோடு சேர்ந்தேதான் கேட்கும்.

கிணறு வெட்டுவதற்கும் பெண் எடுப்பதற்கும் சாமியிடம் பூக் கேட்கிற குடும்பங்களில் வந்தவர்கள் இரண்டு பேரும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. உள்ளே இருப்பது தெரியாதபடி மடித்து அம்மன் முன்னால் போட்டு, விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததில் எந்தப் பூவோ அதுதான் வாக்கு. ஒரு மாதமாகச் சோற்றுத் தட்டின் முன்னாலும், டி.வி.எஸ். பிஃப்டி வண்டியின் முன்னும் பின்னும் உட்கார்ந்தும் பேசித் தீராத வழக்கு இது. வழக்கே ஐந்து வயது மகள் நித்யஸ்ரீயை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதைப் பற்றியது என்பதால் பூவெடுக்க வேறு குழந்தையைத் தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பள்ளிகளையும் சாந்தாமணி வெளியிலிருந்து பார்த்து வைத்திருந்தாள். பார்த்தாள் என்பதைவிடக் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். ரேஷன் கடைக்குப் போகும்போது புளியமரத்துப் பள்ளியின் சுவரோரம் பையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கத்துவார்கள். எட்டாம் வாய்ப்பாட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறுவார்கள். அவளும் சின்ன வயதில் அதே இடத்தில்தான் தடுமாறினாள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்த சங்கதி.

பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போகும் இங்கிலீஷ் பள்ளி சத்தி ரோட்டில் இருந்தது; அதன் சுவர் உயரமானது. அங்கே ஒருநாள் நின்றபோது ஒரு பாட்டுக் கேட்டது. முழுக்க இங்கிலீஷ். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஆனால் அன்றைக்குப் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அந்த மெட்டு அவள் வாயைவிட்டுப் போகவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வேன் பள்ளிதான் வேண்டும் என்பதற்குத் திருமூர்த்திக்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடம் பம்புசெட்டு ஷாஃப்ட் வாங்குவதற்காகப் பம்பாயிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். அரைமணி நேரம் அவர் இங்கிலீஷில் பேசினார். அரைமணி நேரமும் இவன் சிரித்துக்கொண்டு நின்றான். ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிற்று. “பக்கத்துப் பட்டறைக்காரன் கடையற ஷாஃப்ட்டைக் காட்டி என்னுது மட்டம்னு ஒருத்தன் சொல்லட்டும், ஒத்துக்கறேன். வாய் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். என்ற புள்ள அப்பிடிச் சிரிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது,” என்பான்.

சாந்தாமணியின் காரணத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. புளியமரத்துப் பள்ளி பக்கம், செலவில்லை, நடந்தே போகலாம் என்றுதான் வாயில் வந்தது. உள்ளே இருந்தது வேறு. அவள் எட்டாவது வரை படித்தவள். சாயங்காலம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு தலையும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருப்பதை நித்யஸ்ரீ வயிற்றில் இருந்த நாளிலிருந்தே நினைத்துப் பார்த்திருந்தாள். வேன் பள்ளிப் புத்தகம் என்றால் அவள் பாலை ஆற்றி வைத்துவிட்டு அறைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பிள்ளை தனக்குத் தெரியாத ஊருக்குத் தினமும் வேனேறிப் போய்வருவாள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால்கூடப் புரியப் போவதில்லை.

எட்டாவதோடு நின்றதற்கும் ஒரு பூ உண்டு. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர். ஹைஸ்கூலுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும், அனுப்பலாமா வேண்டாமா என்று அவள் அப்பா பூக் கேட்டார். நான்கு வயது மாமன் மகன் எடுத்தான். சிவப்பு. வேட்டியைத் தட்டிக்கொண்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். இன்னொரு பொட்டலம் அங்கேயே கிடந்தது. அதற்குள் வெள்ளைதான் இருந்ததா என்று பதினைந்து வருடமாக அவளுக்குக் கேள்வி. அப்பா இரண்டிலுமே சிவப்பை வைத்திருக்கக் கூடியவர்தான் என்று சில நாள் தோன்றும். சேச்சே என்று சில நாள் தோன்றும்.

“எடு கண்ணு. ஒண்ணே ஒண்ணு,” என்றார் பூசாரி.

நித்யஸ்ரீ கல்தரையில் குந்தினாள். உடனே எடுக்கவில்லை. நெற்றி தரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து, முதல் பொட்டலத்தின் மேல் கொஞ்ச நேரம், இரண்டாவதன் மேல் கொஞ்ச நேரம் இருந்தாள். “பாருங்க, எப்பிடி விழுந்து கும்புடறா,” என்று திருமூர்த்தி பூரித்துப் போனான். பிறகு அவள் இரண்டாவதை எடுத்து நீட்டினாள்.

பூசாரி பிரித்தார். மல்லி.

திருமூர்த்தி கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாந்தாமணி தரையில் கிடந்த பொட்டலத்தையே பார்த்தாள். “ஏனுங்க பூசாரி, அதையும் பிரிச்சுப் பாக்கலாமுங்களா?”

“வாக்கு வந்தப்பறம் அதுக்கு வேலையில்லீங்க. யாரும் பிரிக்கறதில்லை.”

“பிரிச்சா என்னாகுமுங்க?”

பூசாரி யோசித்தார். முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலிருந்தது. “தெரியலீங்க,” என்றார் உண்மையாகவே. “வேணும்னா கொண்டுட்டுப் போங்க.”

சந்தின் முனையில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். திருமூர்த்தி அதை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தபோது, நித்யஸ்ரீ அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, அதிலிருந்த பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனாள்.

“இது மணக்கவே இல்லீம்மா. அதான் வேண்டாம்னு வெச்சுட்டேன்.”

சாந்தாமணி அங்கேயே பொட்டலத்தைப் பிரித்தாள். மூன்று செவ்வரளி. முகர்ந்து பார்த்தாள். காகித மையின் வாசம்தான் வந்தது. பூசாரி யோக்கியமாகத்தான் மடித்திருக்கிறார். மல்லிக்கு மணம் உண்டு என்பதைத்தான் மறந்துவிட்டார். வெள்ளகோவிலில் அன்றைக்கு என்ன வெள்ளைப் பூ வைத்தார்கள் என்று நினைவைத் துழாவினாள். அந்த மாமன் மகனுக்கு எப்போதும் சளி ஒழுகும் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

“ஏனுங்க. வண்டியை நிறுத்துங்க.”

விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திருமூர்த்தி மகளைப் பார்த்தான், அரளியைப் பார்த்தான், பிறகு சிரித்தான். “மோந்து பாத்தா எடுத்த? நான் என்னமோ நீ சாமி கும்புடறயாக்கும்னு நெனைச்சேன்.”

“மறுக்காக் கேக்கோணுமுங்க. இது செல்லாது.”

“ஆத்தா மூக்கு வழியாச் சொல்லியிருக்கறா. அதுல உனக்கென்ன?”

“உங்களுக்குச் செவப்பு வந்திருந்து, அவ மோந்தது தெரிஞ்சிருந்தா, இந்நேரம் பூசாரி கையைப் புடிச்சு இழுத்திருப்பீங்க.”

அவன் மறுக்கவில்லை. வண்டியின் ஹேண்டிலைத் துணியால் துடைத்தான். “சரி. பூவு வேண்டாம். ரெண்டு பேரும் சேந்து ஒருக்கா அந்த வேன் பள்ளிக்கூடத்துக்கு உள்ள போய்ப் பாத்துட்டு வரலாம். லேத்து வாங்கறதுன்னாக்கூட ஓட்டிப் பாத்துத்தானே வாங்கறோம். பாத்துப்போட்டு நீ சொல்லு. வேண்டாம்னு நீ சொன்னா நான் புளியமரத்துக்கே வாரேன்.”

அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அரளியை முந்தானையில் முடிந்துகொண்டு வண்டியில் ஏறினாள்.

உயரமான அந்தச் சுவருக்கு உட்புறம் நீல வண்ணம் அடித்திருந்தது. வெளியே அது வெறும் சிமெண்டுச் சுவர். உள்ளே இப்படியொரு நீலம் இருக்கும் என்று எத்தனையோ முறை அந்த வழியாகப் போன சாந்தாமணி நினைத்ததில்லை.

தலைமை ஆசிரியை சாஜிதா பேகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அவர்களை உட்காரச் சொன்னார். ஈரோட்டுக்காரர், பேச்சில் ‘ங்க’ குறையவில்லை. விண்ணப்பத் தாளை எடுத்து வைத்தார்.

“ஊட்டுல பாடம் யாருங்க சொல்லிக் குடுப்பீங்க?”

“டியூசன் வெச்சுக்கறோமுங்க,” என்றான் திருமூர்த்தி அவசரமாக.

சாந்தாமணி மேசை விளிம்பைப் பார்த்தாள். டியூசன். அறைக்கு உள்ளே யாரோ ஒரு டீச்சர், வெளியே பாலோடு அவள். நினைத்ததுதான்.

ஆசிரியை ஒரு படப் புத்தகத்தைத் திறந்து நித்யஸ்ரீயிடம் கொடுத்தார். தெரிந்ததைச் சொல்லச் சொன்னார். நாய், பூனை, மீன். நித்யஸ்ரீ தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். பக்கங்கள் புரண்டு கடைசிக்கு வந்தன. குழந்தை நிறுத்தினாள்.

“அம்மா, இதென்னம்மா?”

படத்தில் ஒரு பெரிய மிருகம் நின்றது. மாட்டைப் போலக் கொம்பு. ஆனால் உடம்பு முழுக்க மயிர் தரைவரை தொங்கியது. பின்னால் வெள்ளை மலைகள். சாந்தாமணி கீழே இருந்த எழுத்தைக் கூட்டினாள். மூன்று எழுத்துதான். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் அதுவரைக்கும் வந்தது. “யாக்,” என்றாள். அப்படியென்றால் என்ன என்று தெரியவில்லை. “எருமை ஜாதிங்களா டீச்சர்?”

“மாட்டு இனந்தானுங்க. பனி மலையில இருக்கும்.”

திருமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். காங்கயம் காளை பார்த்து வளர்ந்தவன். “திமில் இருக்குதா பாரு. ஏனுங்க, இது பால் கறக்குமுங்களா?”

“கறக்கும்னுதான் நெனைக்கறேன்.”

“ஒரு நேரத்துக்கு எத்தனை லிட்டருங்க?”

சாஜிதா பேகம் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பத்து வருசமா இந்தப் பக்கத்தை நடத்தறேனுங்க. இதை யாருமே கேட்டதில்லை. நானும் கண்ணுல பாத்ததில்லீங்களே.”

“இத்தனை மயிரு இருந்தா மடி எங்கிருக்குதுன்னு எப்பிடிங்க கண்டுபுடிப்பாங்க?” என்றாள் நித்யஸ்ரீ அப்பாவின் குரலிலேயே.

நான்கு பேரும் அந்தப் படத்தின் மேல் குனிந்திருந்தார்கள். சாந்தாமணிக்கு அது சட்டென்று உறைத்தது. டீச்சர் தலை, கணவன் தலை, பிள்ளை தலை, தன் தலை. அந்த மலையை யாருமே பார்த்ததில்லை. அந்த மிருகத்தின் மயிர் காற்றில் எப்படி அசையும், அதை யார் ஓட்டிக்கொண்டு போவார்கள், பொழுது சாய்ந்தால் எந்தக் கொட்டகையில் கட்டுவார்கள் என்று டீச்சருக்கும் தெரியாது. அவள் மட்டும் வெளியே நிற்பதாக நினைத்திருந்தாள். இந்தப் புத்தகத்துக்கு எல்லோருமே வெளியேதான் நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போக வேண்டும் போலிருந்தது. எழுத்து மூன்றுதான். அதை அவளே கூட்டிவிட்டாள்.

பக்கத்து அறையில் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பாத்திரத்தோடு அவள் முணுமுணுத்த அதே மெட்டு. கதவு பாதி சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக ஒரு கரும்பலகையின் ஓரமும், ஆடிக்கொண்டிருந்த கால்களும், ஆளில்லாத கடைசி பெஞ்சும் தெரிந்தன.

“என்னம்மணி சொல்ற?” என்றான் திருமூர்த்தி மெதுவாக. பேனா மூடியைக் கழற்றிவிட்டிருந்தான். ஆனால் தாளின் மேல் வைக்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் காத்திருந்தான்.

சாந்தாமணி முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அரளி நசுங்கியிருந்தது.

“எழுதுங்க,” என்றாள் அவனிடம். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, சின்ன வயதில் வகுப்பில் கேள்வி கேட்பதற்கு நிற்பதைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, சாஜிதா பேகத்தைப் பார்த்தாள்.

“டீச்சர், டியூசனெல்லாம் வேண்டாமுங்க. நானே சொல்லிக் குடுத்துக்கறேன். ஆனா எனக்கு ஒண்ணு பண்ணோணுமுங்க. வாரத்துல ஒரு நாளைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, அந்தக் கடைசி பெஞ்சுல நானும் வந்து உக்காந்துக்கட்டுங்களா?”