துருக்கித் தங்கம்

சமையலறையில் மாவுச் சல்லடையைக் காணோம் என்றதுமே புரிந்துவிட்டது, என் கணவன் ஸுவைலிம் மறுபடியும் மண் சலிக்கக் கிளம்பிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இதே பிழைப்புதான். ரயில் பாதையோரம் துருக்கிக்காரர்கள் அந்தக் காலப் போரில் தோற்று ஓடும்போது புதைத்துவிட்டுப் போன தங்கம் எங்கள் பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தம். தோண்டி எடுப்பது மட்டும்தான் பாக்கி. ரயில் நின்று எத்தனையோ காலமாயிற்று, தண்டவாளம் ஆட்டுக்கொட்டில் கம்பமாகவும் கூரை உத்தரமாகவும் போயிற்று. தங்கம் மட்டும் போகவில்லையாம், இவர்களுக்காகக் காத்துக் கிடக்கிறதாம்.

வழக்கமாக வியாழக்கிழமை போனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் உள்ளங்கை நிறையக் கொப்புளத்தோடு வந்துவிடுவான். இந்தமுறை ஞாயிறு விடிந்தும் ஆளைக் காணோம். கைபேசியும் அணைந்து கிடந்தது. பிள்ளைகளைப் பக்கத்துக் கூடாரத்தில் விட்டுவிட்டு, என் தம்பி கலஃபின் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

"மச்சான் எந்தப் பக்கம் போறதாச் சொன்னாரு?"

"தெக்கேன்னு."

"அப்ப வடக்கே" என்று அவன் வண்டியைத் திருப்பினான். தோண்டுகிறவர்கள் தாயிடம்கூட இடத்தைச் சரியாகச் சொல்வதில்லை.

நெடுஞ்சாலையில் போனால் ஒரே மூச்சில் கத்ரானா ஊருக்குப் போய்விடலாம். ஆனால் பழைய ரயில் பாதை நெடுஞ்சாலையோடு போவதில்லையே. கரைமேட்டை ஒட்டி ஆட்டுத்தடம் மாதிரி ஒரு வழி. ஓடை குறுக்கே வந்தால் இறங்கும், ஏறும், கல்லில் முட்டி நிற்கும், வேறு எங்கேயோ போய்ச் சுற்றிக்கொண்டு மறுபடி கரைமேட்டிடமே வந்து சேரும். பாஸ்பேட் சுரங்கத்துத் தூசி பல்லிடுக்கில் நறநறத்தது. இடிந்த நிலையம் ஒவ்வொன்றிலும் இறங்கிப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சுற்றிலும் குழிகள், பழைய குழிக்குள் புதுக் குழிகள். என் தொண்டையும் போயிற்று, இடுப்பும் போயிற்று. அவன் செத்துக் கிடப்பானோ என்ற பயத்தைவிட, அவனைத் தேடித் தேடியே என் ஆயுசு தீர்ந்துவிட்டது என்ற அலுப்புதான் பெரிதாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

கேட்ட இடத்திலெல்லாம் பொய். ஓர் ஆட்டுக்காரர் கிழக்கே கையைக் காட்டினார். போய்ப் பார்த்தால் கருங்கல் சரளையைத் தவிர ஒரு காக்காய்கூட இல்லை. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஒருத்தி தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுக் காதோரம் குனிந்தாள்.

"தங்கச்சி, எங்கிட்ட மட்டும் சொல்லு. வரைபடம் உங்கிட்டயா, உன் புருஷங்கிட்டயா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா மனுஷனத்தான் தேடுறேன்."

"எல்லாரும் அதத்தானம்மா சொல்றாங்க" என்று அவள் சிரித்தாள்.

வளைவுப் பாலத்தடியில் ஒரு கூட்டமே இருந்தது. இரண்டு வண்டிகள், கடப்பாரைகள், கயிறுகள், சாம்பிராணிப் புகை. அவர்களுக்குப் பெரியவர் அபூ தீப் என்பவர், தாடிக்கு மருதாணி போட்டவர். என் கணவனைப் பற்றிக் கேட்டேன். பார்த்தோமா என்று யோசிக்கக்கூட இல்லை, "நேத்தே ஊருக்குத் திரும்பிட்டாரே" என்றார். அவர் பின்னால் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த நிலையத்தில், கூரையில்லாத தண்ணீர்த் தொட்டிக் கட்டடத்தின் ஜன்னல் கம்பியில், என் சல்லடை தொங்கியது.

உள்ளே தரையைப் பிளந்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குழி. அடியிலிருந்து முனகல் வந்தது. கலஃப் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, உள்ள போகாத. புதையலுக்குக் காவல் இருக்கிற ஜின்னு!"

"ஜின்னுக்கு உன் மச்சான் குறட்டை எங்கேருந்துடா வந்துச்சு? வாடா இங்க!"

குனிந்து பார்த்தேன். சுவரின் அடிக்கல்லையே தோண்டியிருக்கிறான் புத்திசாலி. அது சரிந்து அவன் காலின்மேல் உட்கார்ந்திருந்தது. உதடு வெடித்து, முகமெல்லாம் சுண்ணாம்பு. என்னைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்தது. வாயில் வந்தது வேறு.

"கத்தாத வத்ஹா! ஆளுங்க வந்துடுவாங்க."

"ஆளுங்க வரணும்னுதான் மனுஷா கத்துறேன்!"

"வேணாம். இடம் தெரிஞ்சுபோயிடும்."

கலஃப் இறங்கித் தண்ணீர் கொடுத்தான். கல்லை நெம்பிப் பார்த்தான், அது அசையவே இல்லை. மேலே மிச்சச் சுவரிலிருந்து சரளை உதிர்ந்துகொண்டே இருந்தது. கால் தொடைவரை கறுத்து வீங்கியிருந்தது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட எடுக்கவில்லை. பாலத்தடி ஆட்களைக் கூட்டிவரச் சொல்லித் தம்பியை அனுப்பினேன். அவன் தனியாகத் திரும்பி வந்தான்.

"வரமாட்டேங்கிறாங்கக்கா. கல்லுல மாட்டிக்கிட்டாருன்னு காலப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். போன வருஷம் யாரோ இதே கதையச் சொல்லி அவங்களக் கூட்டிட்டுப் போனாங்களாம். திரும்பி வந்து பாத்தா அவங்க குழியில வேற ஆளுங்க இருந்தாங்களாம். 'இன்னொரு தடவ ஏமாறமாட்டோம் தம்பி'ன்னு டீ ஊத்திக் கொடுக்குறாரு அந்தப் பெரியவரு."

"குடிச்சியா?"

"கொடுத்தா எப்படிக்கா வேணாங்கிறது?"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு நானே வண்டியை எடுத்தேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்லி அழுவது என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் ஒருவனும் எழுந்திருக்கமாட்டான். பாலத்தடியில் இறங்கியபோது அழுகையும் வரவில்லை. அபூ தீபை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, முக்காட்டால் வாயை மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்.

"மாமா, தம்பி உங்ககிட்டப் பொய் சொன்னான். அடுத்த நிலையத்துத் தண்ணித் தொட்டிக் கட்டடத்துல, கல்லுக்கு அடியில ஒரு இரும்புப் பெட்டி தெரியுது. எங்களால தூக்க முடியல. கயிறும் ஆளும் கொண்டு வாங்க, பாதி உங்களுக்கு."

அவர் என் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. "அல்லாஹு அக்பர்" என்று எழுந்தார். நான் வண்டியைத் திருப்புவதற்குள் அவர்களுடைய வண்டிகள் இரண்டும் என்னைத் தாண்டிப் போய்விட்டன. கொதிக்கும் கெண்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினார்கள்.

திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்களாக இருக்கலாம், ஆனால் வேலை தெரிந்தவர்கள். சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள், கல்லுக்குக் கயிறு போட்டு வண்டியில் கட்டி இழுத்தார்கள். ஸுவைலிமைப் போர்வையில் தூக்கி, வழியில் கிடந்த மூட்டையை ஒதுக்குவதுபோல வாசலோரம் வைத்தார்கள். காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நொடி எல்லோரும் குழிக்குள் இருந்தார்கள். அபூ தீப் மட்டும் நிமிர்ந்து, "எந்த மூலையிலம்மா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன். வாய் கூசவே இல்லை.

கலஃப் வண்டியை ஓட்ட, பின்னால் மெத்தையில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நெடுஞ்சாலைக்கு இன்னும் வெகுதூரம். குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தானே தவிர முனகவில்லை. ஏதோ யோசிக்கிறான் என்று அந்த மௌனத்திலேயே எனக்குத் தெரிந்தது.

"வத்ஹா."

"என்ன? வலிக்குதா?"

"பெட்டி எவ்வளவு பெருசு?"

"பெட்டியே இல்ல, ஸுவைலிம். உன்ன வெளிய எடுக்கத்தான் அப்படிச் சொன்னேன். அங்க ஒண்ணுமில்ல. இந்தப் பாதை பூராவும் ஒண்ணுமில்ல."

என்னையே பார்த்தான். பிறகு அந்த வெடித்த உதட்டில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது, காலையில் ரொட்டிக்காரி சிரித்தாளே, அதே சிரிப்பு.

"எங்கிட்டயுமா மறைக்கிற?"

"சத்தியமா இல்ல."

"சரி, சரி. அவங்க கீழ தோண்டட்டும். நீதான் தப்பான மூலையக் காட்டியிருப்பியே." என் கையைத் தட்டிக் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் என்னை அவன் இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததே இல்லை. "சல்லடைய எடுத்தியா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இல்ல. ஜன்னல்லயே விட்டுட்டேன்."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டான். "அடையாளத்துக்கு இருக்கட்டும்."

அவனைக் குழியில் கண்டபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. வண்டி குலுங்கி மச்சானுக்கு ஏதோ ஆகிவிட்டதால்தான் அழுகிறேனோ என்று பயந்து கலஃப் வண்டியை மெதுவாக்கினான்.